கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த பனி



"அண்ணே, காலணி வைக்கிற இடத்துல உங்களைக் காணோமே?" என்று கேட்டவர்களுக்கும், "மாமா பனியில புதைஞ்சிட்டாராம், ஹெலிகாப்டர் வந்து தூக்குச்சாம்" என்று மடப்பள்ளியில் பேசிக்கொண்டவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. ஹெலிகாப்டர் எதுவும் வரவில்லை. நான் புதையவும் இல்லை. ஆனால் நடந்தது ஒன்று உண்டு. அதை மற்றவர் சொல்லிக் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் துவாஸில் மருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தது பலருக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் சுவிட்சர்லாந்தில் விஸ்ப் என்ற ஊருக்கு மாற்றலாகிப் போனாள். அங்கேயே கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளையின் அப்பா அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாகப் போனவர்கள். அவர் பிறந்து வளர்ந்தது பெர்ன் நகரம். நல்ல பிள்ளைதான். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவ்வளவாகப் பிடித்தம் இல்லை. "நம்ம ஊர்ல பையனே இல்லையா?" என்று மகளிடம் கேட்டேன். அவர் பேசுகிற தமிழ் எனக்குப் புரியவில்லை என்று ஒரு சாக்கும் சொன்னேன். கல்யாணம் முடிந்து இரண்டு வருஷம், தொலைபேசியில் அவரிடம் நான் பேசியது "சாப்பிட்டீங்களா, நல்லா இருக்கீங்களா", அவ்வளவுதான்.

போன டிசம்பரில் பேத்தி பிறந்தாள். வீட்டுக்காரம்மாவும் நானும் போனோம். அவருக்கு அங்கே வேலை நிறைய இருந்தது, பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பது, பத்தியச் சமையல் என்று. எனக்குத்தான் ஒரு வேலையும் இல்லை. மூணு அறை வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். மகள் பார்த்தாள். "ப்பா, நீங்க இவரோட மலைக்குப் போங்க" என்றாள். சனிக்கிழமை காலை 7 மணிக்கு என்னையும் ரயிலில் ஏற்றிவிட்டாள். 58 வயதில் எனக்கு ஸ்கீ பழக்கம் இப்படித்தான் வந்தது.

விஸ்ப்பிலிருந்து செர்மாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான ரயில் பயணம். ஊருக்குள் கார் கிடையாது, சின்னச் சின்ன மின்சார வண்டிகள்தான். ஊர் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தலைக்கு மேலே 4,478 மீட்டர் மாட்டர்ஹோர்ன் மலை நிற்கும். கேபிள் காரில் 3,883 மீட்டர் வரை போகலாம். செந்தோசா கேபிள் கார் மாதிரி நினைத்துக்கொண்டு ஏறினேன். மேலே இறங்கி பத்து எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கியது, தலை கனத்தது. ஒரு நாள் சீட்டு நம்ம காசுக்கு 100 வெள்ளிக்கு மேல். அன்னதானத்துக்கு எத்தனை மூட்டை அரிசி வாங்கலாம் என்று மனதுக்குள் கணக்கு ஓடியது, பழக்கதோஷம்.

நான் நினைத்தது, பனி என்றால் பனி, எல்லா இடத்திலும் வெள்ளையாகக் கொட்டிக் கிடக்கும், போய்ச் சறுக்க வேண்டியதுதான் என்று. மாப்பிள்ளை முதல் நாளே சிரித்தார். "அப்பிடி இல்லை மாமா. பனி ஒவ்வொரு நாளும் வேற. காலமை ஒண்டு, மத்தியானம் ஒண்டு. நல்ல பனி எங்க இருக்கெண்டு தேடிப் போகோணும்."

அவர் தேடுகிற விதத்தைப் பார்த்ததும்தான் எனக்கு ஆர்வம் வந்தது. காரணம், அது எனக்குத் தெரிந்த வேலை. முப்பது வருஷம் ஏர்கான் வேலை பார்த்தவன் நான். குளிர், ஈரப்பதம், காற்று, உறைதல், இதெல்லாம் என் பிழைப்பு. இன்னொரு காரணமும் உண்டு, அது கோயில் தரை.

நம்ம கோயில் பிரகாரத்தில் மதியம் 1 மணிக்கு வெறுங்காலோடு நடந்தவர்களுக்குத் தெரியும். மார்கழி, தை மாதங்களில் வடக்குப் பிரகாரத்தில் சுவரோரம் ஒரு துண்டு நிழல் இருக்கும், அங்கே கால் சுடாது. ஆடியில் அந்த நிழல் தெற்குப் பக்கம் மாறிவிடும். சூரியன் நமக்கு டிசம்பரில் தெற்கே சாயும், ஜூனில் வடக்கே சாயும். அதனால்தான் விரிப்பை எந்தப் பக்கம் போடுவது, தண்ணீரை எங்கே தெளிப்பது என்று மாதத்துக்கு ஒரு மாதிரி செய்கிறோம். அங்கேயும் இதே கணக்குத்தான், ஆனால் பல மடங்கு கடுமை. டிசம்பர் நடுவில் சிங்கப்பூரில் உச்சிவேளைச் சூரியன் 65 பாகை உயரத்தில் இருக்கும். செர்மாட்டில் 20 பாகைதான், ஏதோ சாயந்திர வெயில் மாதிரி. தெற்குப் பார்த்த சரிவில் அந்த வெயில் நேராக விழும். வடக்குப் பார்த்த செங்குத்துச் சரிவில் வாரக்கணக்கில் வெயிலே படாது. ஒரே மலை, ஒரே நாள் பெய்த பனி. ஒரு பக்கம் உருகி உறைந்து கண்ணாடியாகக் கிடக்கும், மறுபக்கம் விபூதி மாதிரி உலர்ந்து கிடக்கும்.

டிசம்பர்ப் பயணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம்ம ஆட்கள் பள்ளி விடுமுறையில் போவது அப்போதுதான். ஆனால் பனிக்கு அது பருவத்தின் ஆரம்பம். மேலே நிறைய இருக்கும், கீழே குறைவு. விஸ்ப் பள்ளத்தாக்கு சுவிஸ் நாட்டிலேயே மழை குறைந்த இடங்களில் ஒன்று. 4,000 மீட்டர் தாண்டிய மலைகள் சுற்றி நின்று மேகத்தைத் தடுத்துவிடுகின்றன. வடமேற்கிலிருந்து வரும் புயல் மற்ற ஊர்களில் பனியைக் கொட்டிவிட்டு, இங்கே வரும்போது கை வறண்டுதான் வரும். தெற்கே இத்தாலிப் பக்கமிருந்து ஈரக்காற்று ஏறி வந்தால் மட்டும் செர்மாட்டுக்கு அடைமழை மாதிரிப் பனி. அதனால் மாப்பிள்ளை வானிலையில் முதலில் பார்ப்பது எவ்வளவு பெய்யும் என்பதை அல்ல, எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை.

டிசம்பரில் கீழ்த்தடங்களில் இருந்தது பெரும்பாலும் இயந்திரப் பனி. அதைப் பார்த்ததும் எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது! தண்ணீரைச் சிறு துளியாகக் காற்றில் பீய்ச்சுவார்கள். சாதா வெப்பமானி காட்டுவது முக்கியமில்லை, 'வெட் பல்ப்' வெப்பநிலை கழித்தல் 2, 3 பாகைக்குக் கீழே போக வேண்டும். காற்று உலர்ந்திருந்தால் துளி ஆவியாகும்போதே குளிர்ந்து உறைந்துவிடும். ஈரக்காற்றில் அதே குளிரிலும் உறையாது. நம்ம கூலிங் டவர் சமாச்சாரமேதான். வெளியே என்ன வெப்பநிலை இருந்தாலும் பனி செய்கிற ஒரு இஸ்ரேலிய இயந்திரத்தையும் 2008இல் இங்கே வாங்கி வைத்தார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். வெற்றிடத்தில் தண்ணீரை ஆவியாக்கிக் குளிர வைக்கிற முறை. நான் அதைப் பற்றி இருபது நிமிஷம் கேள்வி கேட்டேன். இரண்டு வருஷத்தில் நாங்கள் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

அந்த இரண்டு வாரமும் நான் சுன்னெக்காவுக்குக் கீழே குழந்தைகள் பழகும் இடத்தில் விழுந்து எழுந்தேன். ஐந்து வயதுப் பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன்: காலையில் முதல் வண்டிக்குப் போய்விட வேண்டும். தடம் சமன் செய்யும் இயந்திரங்கள் முதல் நாள் மாலை, இரவில் ஓடும். கிளறி அழுத்திய பனி ராத்திரி முழுக்க ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். காலையில் பார்த்தால் சீப்பு வாரினாற்போல வரிவரியாக இருக்கும். அந்த முதல் ஒரு மணி நேரம் என்னைப் போன்றவனுக்குக்கூடக் கால் சொன்னபடி கேட்கும். பத்தரை மணிக்கு மேல் ஆயிரம் பேர் சுரண்டிய பிறகு அதே தடம் வேறு.

பிறகு தைப்பூசத்துக்காக நான் மட்டும் திரும்பி வந்தேன். வீட்டுக்காரம்மா அங்கேயே இருந்தார்.

தைப்பூசத்தில் என் வேலை எதுவென்று தெரியும் உங்களுக்கு, கயிறு. பால்குட வரிசைக்கும் காவடி வரிசைக்கும் நடுவில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது. பதினாறு வருஷமாக அதே வேலை. ஒவ்வொரு வருஷமும் யாராவது கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே வருவார்கள். "ஒரு நிமிஷம்தாண்ணே", "அந்தப் பக்கம் காலியாத்தானே இருக்கு", "எனக்கு உள்ளே ஆள் தெரியும்". அந்தப் பக்கம் காலியாக இருப்பது காவடி திரும்புவதற்கு. அலகு குத்தியவர் சுற்றி ஆடி வரும்போது இடம் வேண்டும். கயிறு போட்டது உங்களைத் தள்ளி வைக்க அல்ல, உங்கள் கண்ணில் அலகு படாமல் இருக்க. இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிடும். இந்த வருஷம் ஒரு தம்பியைக் கொஞ்சம் கடுமையாகவே திட்டிவிட்டேன். அவர் இந்தப் பதிவைப் படித்தால், தம்பி, மேலே படியுங்கள்.

பூசம் முடிந்து, பாத்திரம் கழுவி, கணக்கு ஒப்படைத்து, பிப்ரவரியில் மூன்று வாரத்துக்கு மறுபடியும் போனேன்.

பிப்ரவரிதான் பனியின் நடு உச்சம். நான் போன வாரமே தெற்கிலிருந்து காற்று திரும்பியது. மூன்று நாள் விடாமல் பெய்தது. "ஆகா, நாளைக்கே போகலாம்" என்றேன். மாப்பிள்ளை தலையாட்டவில்லை. புயல் நாளில் மேலே கேபிள் கார் ஓடாது, ஓடினாலும் ஒன்றும் தெரியாது என்றார். கேட்காமல் ஒரு நாள் கூட்டிப்போகச் சொன்னேன். வானமும் தரையும் ஒரே வெள்ளை, மேடு எது பள்ளம் எதுவென்று தெரியவில்லை. நின்ற இடத்திலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னை மெல்ல 2,200 மீட்டருக்குக் கீழே, ஃபின்டெல்ன் பக்கம் மரங்கள் இருக்கும் இடத்துக்கு இறக்கினார். கறுப்பாக நாலு மரம் தெரிந்தால் போதும், கண்ணுக்குத் தரை பிடிபட்டுவிடுகிறது. பனி கொட்டும் நாளில் மரத்தடி, வெயில் வந்த பிறகு உயரம். இதையும் குறித்துக்கொண்டேன்.

நாலாம் நாள் வானம் திறந்தது. அப்படி ஒரு நீலத்தை நான் பார்த்ததில்லை. காலையில் மலை முழுக்க வெடிச்சத்தம். மீட்புப் படையினர் வெடி வைத்து, ஆபத்தான பனியைத் தாங்களே சரிய விட்ட பிறகுதான் தடங்களைத் திறப்பார்கள். கோர்னர்கிராட்டுக்கு ரயிலில் ஏறினோம். 1898இல் ஓடத் தொடங்கிய ரயில் அது, 3,089 மீட்டர் வரை போகும். பல்சக்கரத்தைக் கடித்துக்கொண்டு ஏறும் அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

வெயில் பக்கம் அன்றைக்கே கனக்க ஆரம்பித்துவிட்டது. நிழல் பக்கம் இறங்கினோம். வடக்குப் பார்த்த சரிவு, அழுத்திச் சமன் செய்த தடம். தடத்தின் ஓரத்தில் கழிகள் நட்டு ஒரு கயிறு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் தொடாத பனி, கால் தடமே இல்லை. மாவு சலித்துக் கொட்டியது மாதிரி, வெயில் படாமல் மூன்று நாள் பனியும் அப்படியே. ஐம்பது மீட்டர் கீழே அது மறுபடியும் தடத்தோடு சேர்வது என் கண்ணுக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளை காலையிலேயே சொல்லியிருந்தார். டாவோஸில் பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் அறிக்கை வெளியிடுவார்கள், 1 முதல் 5 வரை எண் போட்டு. "இண்டைக்கு மூண்டு மாமா" என்றார். ஐந்தில் மூன்று, பாதிதானே என்று நான் நினைத்தேன். பிறகுதான் விளங்கியது: 4, 5 போட்ட நாள்களில் பயந்து யாரும் போவதில்லை. அதிகம் பேர் சாவது 3 போட்ட நாள்களில்தான்.

நான் கயிற்றைத் தூக்கினேன். குனிந்து அந்தப் பக்கம் போனேன்.

'ஒரு நிமிஷம்தான், அந்தப் பக்கம் காலியாத்தானே இருக்கு.' சத்தியமாக இதே வார்த்தைதான் மனதில் ஓடியது. முதல் இருபது மீட்டர் சொர்க்கம். சத்தமே இல்லை. காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாத மாதிரி மிதந்தேன். அப்புறம் வேகம் பிடிபடாமல் விழுந்து இடுப்பு வரை புதைந்தேன். எழுந்திருக்கக் காலை ஊன்றியபோது ஒரு சத்தம் கேட்டது.

'வும்ப்.'

பெரிய சத்தம் இல்லை. பக்கத்து அறையில் அரிசி மூட்டையைத் தரையில் போட்டது மாதிரி. ஆனால் அது எனக்குக் கீழே இருந்து வந்தது. நான் நின்ற இடம் முழுசாக ஒரு விரல்கடை கீழே இறங்கியதை உடம்பு உணர்ந்தது. கண் முன்னால் பனியில் ஒரு கோடு, பேனாவால் இழுத்த மாதிரி, என் காலிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டர் ஓடி நின்றது.

"மாமா! அசையாதேங்கோ! அப்பிடியே நில்லுங்கோ!"

அந்தப் பிள்ளை சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அவர் கயிற்றுக்கு அந்தப் பக்கமே நின்று, மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க வந்த தடத்திலேயே திரும்பி வாங்கோ. ஸ்கீயைக் கழட்டாதேங்கோ. மெல்லமா" என்றார். இருபது மீட்டர் ஏற எனக்கு எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியாது. நெஞ்சு அடித்துக்கொண்டது மட்டும் ஞாபகம். அவர் கையை நீட்டி என் சட்டைக் கழுத்தைப் பிடித்துக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் இழுத்துவிட்டார்.

ஒன்றும் சரியவில்லை. நான் நின்ற இடம் அவ்வளவு செங்குத்து இல்லை, அதுதான் காரணம். 30 பாகைக்கு மேல் சரிவாக இருந்திருந்தால் கதை வேறு. அவ்வளவுதான் நடந்தது. ஹெலிகாப்டர் இல்லை.

அந்தச் சத்தம் என்னவென்று அன்று இரவு சமையலறை மேசையில் உட்கார்ந்து விளக்கினார். பருவ ஆரம்பத்தில், நவம்பர், டிசம்பரில், பனி மெல்லிசாக இருக்கும். அடியில் தரை வெதுவெதுப்பு, மேலே கடுங்குளிர். நீராவி அடியிலிருந்து மேலே நகர்ந்து நகர்ந்து, அடிப்பனியைச் சீனி மாதிரி பெரிய பெரிய மணியாக மாற்றிவிடும். ஒன்றோடொன்று ஒட்டாது. எனக்கு உடனே புரிந்தது. ஃப்ரீசரில் மறந்துபோன பட்டாணிப் பொட்டலத்தைத் திறந்தால் உள்ளே ஊசி ஊசியாகப் பனி வளர்ந்திருக்குமே, அதேதான். அந்தச் சீனியின் மேல் பிப்ரவரிப் பனி ஒரு பலகை மாதிரி வந்து உட்காருகிறது. என் கால் பட்டதும் சீனி நொறுங்கியது, உள்ளே இருந்த காற்று வெளியேறியது, அந்தச் சத்தம் வந்தது. சரிவு இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் பலகை முழுசாக என்னையும் சேர்த்துக்கொண்டு இறங்கியிருக்கும். புதைந்தவரை முதல் பத்து, பதினைந்து நிமிஷத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்க வாய்ப்பு.

வெயில் படும் பக்கத்தில் இந்தச் சீனி அடுக்கு சீக்கிரம் இறுகி ஒட்டிவிடும். நிழல் பக்கத்தில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். நல்ல பனி கெடாமல் இருப்பதற்கு எந்தக் குளிர் காரணமோ, அதே குளிர்தான் அடியில் இருக்கிற ஆபத்தையும் கெடாமல் வைத்திருக்கிறது. இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தப் பக்கத்தின் அழகை மட்டும் பார்த்து நான் உள்ளே போயிருக்கிறேன்.

அன்றைக்கு மலையில் இன்னொன்றும் நடந்தது. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன். நான் தடத்துக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தில் சீருடை போட்ட மீட்புப் பணியாளர் ஒருவர் வந்து நின்றார். என்னைவிட முப்பது வயது சின்னவர் இருப்பார். கயிற்றைக் காட்டினார், என் காலடித் தடத்தைக் காட்டினார், ஜெர்மன் மொழியில் பொரிந்து தள்ளினார். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அந்தத் தொனி எனக்கு நன்றாகத் தெரியும். பதினாறு வருஷமாக நான் பேசுகிற தொனி அது. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு ஏதோ பதில் சொன்னார். பணியாளர் என் சீட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். போய்விட்டார்.

"என்ன சொன்னீங்க அவர்கிட்ட?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லை மாமா" என்றார். இரண்டு நாள் கழித்து மகள்தான் சொன்னாள். 'இவர் என் மாமனார், என் பொறுப்பு. நான் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை, தவறு என்னுடையது' என்று சொல்லியிருக்கிறார். காலையில் அவ்வளவு தெளிவாக எச்சரித்தவர்!

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஹாலில் உட்கார்ந்திருந்தேன். பேத்தி அழுதாள், மாப்பிள்ளை தூக்கிக்கொண்டு வந்தார். "தாங்க, நான் வச்சிருக்கேன், நீங்க தூங்குங்க" என்றேன். அவர் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "தப்புப் பண்ணிட்டேன் மாப்பிள்ளை" என்றேன். "முதல் முறை எல்லாரும் செய்யிறதுதான் மாமா, நானும் பள்ளிக்கூட முகாமில செய்தனான்" என்றார். அப்புறம் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மார்ச் தொடக்கத்தில் வீட்டுக்காரம்மாவின் 90 நாள் கணக்கு முடிந்து இருவரும் ஊர் திரும்பினோம். மறுபடி போகிற எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் பங்குனி உத்திரத்துக்கு முதல் வாரம் மாப்பிள்ளையிடமிருந்து செய்தி வந்தது, விமானச் சீட்டோடு. "உத்திரம் முடிய வாங்கோ மாமா. ஏப்ரல் பனி வேற சாமான். பார்க்காமல் விடக் கூடாது."

போனேன். பத்தே நாள். அது வேறு சாமான்தான்.

ஏப்ரலில் கணக்கு தலைகீழாகிறது. பிப்ரவரியில் வெயிலுக்கு ஓடி ஒளிந்தோம், இப்போது வெயிலைத் துரத்திக்கொண்டு போக வேண்டும். ராத்திரி வானம் தெளிவாக இருந்தால் பனி தன் சூட்டை மேலே விட்டு இறுகி உறைந்துவிடும். மேகம் மூடியிருந்தால் உறையாது. அதனால் மாப்பிள்ளை தூங்கப் போகுமுன் பால்கனியில் நின்று நட்சத்திரம் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால் மறுநாள் போகலாம். காலை 8 மணிக்கு வெயில் பக்கச் சரிவு கண்ணாடி, ஸ்கீ கிரீச்சிடும். 10 மணிக்கு மேல்பகுதி ஒரு விரல் ஆழம் மட்டும் இளகி, கீழே உறுதியாக இருக்கும். ரவை மாதிரி மணிமணியாக, காலுக்கு வெண்ணெய். அதற்கு 'ஃபிர்ன்' என்று பேர். 12 மணிக்கு எல்லாம் கஞ்சி. கிழக்குப் பார்த்த சரிவு முதலில் இளகும், பிறகு தெற்கு, கடைசியில் மேற்கு. கடிகாரத்தைப் பார்த்துச் சரிவு மாறிக்கொண்டே போக வேண்டும். காலையில் எந்தப் பக்கம் விரிப்பு, மதியம் எந்தப் பக்கம் என்று நாம் இழுத்துக்கொண்டு ஓடுவோமே, அதே ஓட்டம்.

கடைசிச் சனிக்கிழமை ரோட்ஹோர்னுக்குப் போய் இரண்டு காப்பி குடித்து முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். எனக்குப் பொறுமை இல்லை. அவர் கம்பை ஊன்றி ஊன்றிப் பார்த்தார். "இப்ப" என்றார். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் ஒரு தரம்கூட விழவில்லை. பிறகு மலையைக் குறுக்காகக் கடந்து, கேபிள் கார் மாறி மாறி ஏறி, மதியம் 3,883 மீட்டருக்குப் போனோம். அந்த உயரத்தில், பனியாற்றின் மேல், ஏப்ரலிலும் உலர்ந்த பனிதான். அங்கிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இறக்கம், கிராமம் வரைக்கும். பாதி வழி பிப்ரவரி, பாதி வழி ஏப்ரல். கடைசிப் பகுதி சுத்தமாகக் கஞ்சி, இரண்டு தரம் விழுந்தேன், ஒரு தரம் சேற்றில். வழியில் மாப்பிள்ளை ஒரு சரிவைக் காட்டினார், ட்ரிஃப்ட்ஜி என்று பேர். வடக்குப் பார்த்தது, பாறை நிறைந்தது, போதுமான பனி சேர்ந்த பிறகுதான் திறப்பார்களாம். "அடுத்த வருஷம்" என்றார். நான் "கயிறு இல்லேன்னா" என்றேன். அவர் சிரித்துச் சிரித்துப் பனியில் உட்கார்ந்துவிட்டார்.

போக நினைக்கிறவர்கள் கேட்டதற்கு: டிசம்பர் விடுமுறையில்தான் முடியும் என்றால் உயரமான இடமாகப் பாருங்கள், தாழ்வான ஊர்களில் பணம் கட்டிவிட்டுப் புல்லைப் பார்க்க நேரலாம். பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பு போடுங்கள், நான் போட்டேன். மஞ்சள் குறி போட்ட தடங்கள் இருக்கும், அவை சமன் செய்யாதவை, ஆனால் பனிச்சரிவிலிருந்து பாதுகாத்து வைத்தவை. கொஞ்சம் பழகிய பிறகு, தொடாத பனி வேண்டுமென்றால் அங்கே போங்கள். காதுக்குக் குல்லாய் முக்கியம்.

சித்ரா பௌர்ணமிக்குத் தொண்டூழியர் பட்டியலில் என் பேர் போட்டாயிற்று. காலை 6 மணி முதல் கயிறு பக்கம்தான் இருப்பேன். தைப்பூசத்தில் என்னிடம் திட்டு வாங்கிய அந்தத் தம்பி வந்தால், கட்டாயம் என்னை வந்து பாருங்கள். பேத்தியின் படம் வைத்திருக்கிறேன், காட்டுகிறேன்.